ஓடைக்கு மேலே எட்டு அங்குலம்

தோணிரேவு
21-1-1982

தம்பி தனசேகருக்கு அக்கா சரோஜா எழுதறது.

நீ ஊர் போய்ச் சேர்ந்தியா இல்லியான்னு ஒரு கார்டுகூட இல்ல. கோபம் உன் மாமா மேலதானே, நான் இன்னா பண்ணேன்?

பொங்கலன்னிக்கு நடந்ததை நான் கிளறல. ஆனா நீ அப்படிக் கேட்டிருக்க வேணாம். "மாமா, இது ஜீப்பா ஒட்டகமா? ஏறுறதுக்கு ஏணி எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு பந்தியில நாலு பேரு எதிர்ல கேட்டா எந்த மனுஷன் உக்காந்து சாப்பிடுவான்? அவரும் பாதி சாப்பாட்டுல எழுந்திருக்க வேணாம். நீயும் பையைத் தூக்கிக்கினு மத்தியான பஸ்ஸுக்கு ஓடியிருக்க வேணாம். சுட்ட வடையை நான் ஒருத்தியா ரெண்டு நாள் தின்னேன்.

இப்ப எழுதறது வேற விஷயம். அவருக்கு இடுப்பு போயிடுச்சு. இடது கால் தொடையிலேருந்து கீழ மரத்துப்போவுது. கிளட்ச்சை மிதிக்கச் சொல்ல கால் அதும்மேல இருக்குதா இல்லியான்னு குனிஞ்சு பார்த்துக்கிறாருன்னு சாலமன் சொல்றாரு. அதான், வடக்கு ஓடைக்கு அந்தாண்ட குப்பத்துக்காரர், முன்னே பொன்னேரியில லாரி ஓட்டினவர். இப்ப நம்ம வண்டியில இறால் பெட்டி ஏத்த வர்றாரு. பொன்னேரி டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துட்டு, இன்னும் ஆறு மாசம் இப்படியே குலுங்கினா அந்தக் காலை மறந்துடுன்னுட்டாரு. வண்டியை விட்டா இவருக்கு இன்னா இருக்கு? இந்த இடுப்பை வெச்சுக்கினு படகுல நின்னு வலை இழுக்க முடியுமா?

வண்டியோட ஆட்டத்தை வாங்கிக்கிற உருளை ஒண்ணு இருக்குதாமே, ஷாக் அப்சார்பர்னு. நம்மளதுல நாலும் செத்துப்போச்சாம். புதுசு வாங்க நமக்கு வழியில்ல. மலிவா, தாங்கற மாதிரி எது வாங்கலாம்னு எழுது. நான் எழுதினது அவருக்குத் தெரிய வேணாம்.

சரோஜா


பாடி
26-1-1982

அக்கா,

இன்று ஒர்க்ஷாப் லீவு. அதனால்தான் உடனே பதில்.

வண்டியின் ஸ்பிரிங் பட்டை மேடு பள்ளத்தை வாங்கும். வாங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய் போய்வரச் சின்ன ஓட்டை, ஒரு தண்டு. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

மாமா என்ன செய்தார்? பழைய லாரிப் பட்டைகளை வெட்டி ஜீப்பில் சேர்த்து எட்டு அங்குலம் தூக்கிவிட்டார். ஷாக் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே அது முழுசாக இழுபட்டு நிற்கிறது. கையை முழுக்க நீட்டிக்கொண்டு நிற்பவன் மேல் மூட்டையைப் போட்டால் வாங்குவானா? சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் தண்டு பிடுங்கிக்கொள்ளும், எண்ணெய் ஒழுகும், ஷாக் போய்விடும். போனதில் ஆச்சரியம் இல்லை. இவ்வளவு நாள் இருந்ததுதான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியை இறக்கு. கம்பெனி எந்த உயரத்தில் கொடுத்ததோ அந்த உயரத்துக்கு. பிறகு சாதா ஜீப் ஷாக் பொன்னேரியிலேயே கிடைக்கும், மலிவு. இறக்காமல் எதை வாங்கினாலும் தண்டம். உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்க ஆசை என்றால் மாமா பனைமரம் ஏறட்டும். இதை அவருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குக் கவலை இல்லை.

தனசேகர்


தோணிரேவு
8-2-1982

தம்பிக்கு,

சுகமா இருக்கியா, இருமல் விட்டுச்சான்னு நான் கேக்கறேன். நீ ஒரு வார்த்தை கேக்கல. பரவால்ல.

வண்டி இறங்காது. அதை மட்டும் கேக்காதே. நானும் ஜாடையா கேட்டுப் பார்த்தேன். "இறக்கறதுன்னா வித்துடலாம்"ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் ரெண்டு நாள் முகம் குடுக்கல. காரணம் இருக்குது, அதை நான் எழுதக் கூடாது.

இப்ப இறால் சீசன். ஏரி ஓரம் குப்பம் குப்பமா போயி எடுத்துக்கினு சேத்துலயும் மணல்லயும் வரணும். எட்டுப் பெட்டி ஐஸோட ஏத்தினா, பழவேற்காடு வர்றதுக்குள்ள குலுங்கிக் குலுங்கிப் பாதி இறாலுக்குத் தலை கழண்டுடுது. தலை இல்லாதது ரெண்டாம் தரம். கம்பெனி வேன்காரன் மூடியைத் தொறந்து பார்த்துட்டு, "இன்னா கிருஷ்ணண்ணே, வழியில உரல்ல போட்டு இடிச்சியா?"ன்னு சிரிக்கிறான். இவரு சிரிக்கல. வீட்டுக்கு வந்து சுவத்துல சாஞ்சு உக்காந்தாருன்னா ரெண்டு பேரு தூக்கினாதான் எழுந்துக்கிறாரு. தொடையில நான் கிள்ளிப் பார்த்தேன். "எப்ப கிள்ளின?"ன்றாரு.

உசரத்தைக் குறைன்னு சொல்ல நீ மூணு வருஷம் பாலிடெக்னிக்ல படிக்கணுமா? அதை எதிர்வீட்டு ஆயாவே சொல்லுது. உசரமா இருக்கற வண்டிக்கு வழி இருந்தா எழுது. இல்லன்னா இல்லன்னு எழுது. நான் வேற ஆளைக் கேக்கறேன்.

சரோஜா


பாடி
15-2-1982

அக்கா,

இருமல் விட்டுவிட்டது.

வழி இருக்கிறது. சொல்கிறேன். கவனமாகப் படி.

புது ஷாக்கை மறந்துவிடு. லாரி ஷாக் நீளம் போதும், ஆனால் அதன் எண்ணெய்ப் பிடி ரொம்ப விறைப்பு. ஜீப்பில் போட்டால் வண்டி மரக்கட்டை மாதிரி போகும், மாமாவின் இடுப்பு இன்னும் சீக்கிரம் போகும். கார் ஷாக் மெத்தென்று இருக்கும், நீளம் போதாது, பாரமும் தாங்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேன்களின் பின்சக்கர ஷாக். புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட வேன்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். பாதி விலைக்கும் கீழே. பத்தில் எட்டு குப்பை. மிச்சம் இரண்டைத் தேடிப் பிடிக்க எனக்குத் தெரியும்.

அளவு இல்லாமல் வாங்க முடியாது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் இருக்கும். வளையத்துக்கு வளையம் எவ்வளவு தூரம் என்று மூன்று தடவை அளக்க வேண்டும். வண்டி காலியாக நிற்கும்போது. எட்டுப் பெட்டி ஏற்றிய பிறகு. மூன்றாவது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது. இந்த மூன்றாவதுதான் உயிர். அதைவிட நீளமாக ஷாக் நீளவில்லை என்றால் வண்டியின் பாரத்தை அது இழுத்துத் தொங்கும், அறுந்துவிடும்.

மாமாவிடம் கேட்காதே. அவர் கண்ணாலேயே பார்த்து ஒரு முழம் என்பார். சாலமனை வைத்துக்கொண்டு நீயே அளந்து எழுது. அங்குலத்தில். ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது.

தனசேகர்


தோணிரேவு
1-3-1982

தம்பிக்கு,

அளந்தாச்சு. அவரு பொன்னேரிக்கு ஊசி போட்டுக்கப் போன அன்னிக்கு நானும் சாலமனும் வண்டிக்கு அடியில பூந்தோம். தெருவே கூடிடுச்சு. "சரோஜா, புருஷன் இல்லாத நேரத்துல வண்டியைப் பிரிச்சு விக்கறியா?"ன்னு ஒருத்தி. இன்னொருத்தி எம்மேல இருந்த கிரீஸைப் பார்த்துட்டு, "மஞ்சள் கட்டுப்படியாவலியா?"ன்னு கேட்டா. சிரிச்சுச் சிரிச்சு ரெண்டு தடவை டேப்பை விட்டுட்டேன்.

காலியா நிக்கச் சொல்ல பதிமூணரை. பெட்டி ஏத்தினா பன்னெண்டு. பெட்டியில ஐஸ் இல்ல, மணலை ரொப்பி வெச்சோம். சக்கரம் தொங்கச் சொல்ல பதினேழு. நாலு சக்கரமும் ஒரே மாதிரிதான், ஒரு நூல் ரெண்டு நூல் வித்தியாசம். நீ பயப்படாதே. பொறந்ததுலேருந்து வலை அளக்கற கை. ஒழுங்கா இழுத்துப் பிடிச்சுத்தான் அளந்தேன்.

அவருக்கு இன்னும் தெரியாது. ஊசி போட்டும் கால் அப்படியேதான் இருக்குது. சீக்கிரம் பாரு.

சரோஜா


பாடி
14-3-1982

அக்கா,

நாலு ஷாக் வாங்கிவிட்டேன். மூன்று ஞாயிறு... இல்லை, பொய் எதற்கு, இரண்டு ஞாயிறு புதுப்பேட்டையில் அலைந்தேன். கிட்டத்தட்ட முப்பது ஷாக்கைக் கையால் இழுத்து அமுக்கிப் பார்த்தேன். இழுக்கும்போது ஒரே சீராகக் கனமாக வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் லொடக்கென்று விட்டால் உள்ளே வால்வு போச்சு. தண்டில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருந்தால் அது எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ரப்பரை அறுத்துவிடும். கடைக்காரன் என்னைப் பார்த்து, "தம்பி, பொண்ணு பார்க்கறதுக்குக்கூட நான் இவ்வளவு பார்க்கலப்பா" என்றான்.

முழுசாக இழுத்தால் பதினெட்டு அங்குலம் வருகிறது. உன் அளவு பதினேழு. ஒரு அங்குலம் கையிருப்பு. போதும்.

என்னோடு வேலை செய்பவர் ஒருவர் அனுப்பம்பட்டிலிருந்து தினம் ரயிலில் வருகிறார். அவர் வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். சாலமன் போய் வாங்கிக்கொள்ளட்டும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நேராக நிறுத்தி ஐந்தாறு தடவை இழுத்து அமுக்க வேண்டும். படுக்கவைத்ததில் உள்ளே காற்று ஏறியிருக்கும். உப்புத் தண்ணீர் தண்டில் படாமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இரண்டு பக்கமும் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள்.

மாமாவிடம் சாலமன் வாங்கியதாகச் சொல்லிக்கொள்.

தனசேகர்


தோணிரேவு
26-3-1982

தம்பிக்கு,

எப்படி எழுதறதுன்னு தெரியல. சாலமன் ஷாக்கை மாட்டினாரு, மூணு நாள் நல்லா இருந்துச்சு. முதல் நாளு அவரு வண்டியை விட்டு இறங்கி, "இன்னாடா சாலமன், ரோடு போட்டுட்டானா?"ன்னு கேட்டாராம். ரெண்டு வாய் சோறு கூடவே தின்னாரு.

நாலாம் நாள், ஓடைக்கு இந்தாண்ட கரையில ஒரு பள்ளம். முன்சக்கரம் அதுல தொங்கிச்சு. டமார்னு சத்தம். கீழ வளையம், அதை மாட்டற பிராக்கெட் இரும்போட பிச்சுக்கினு வந்துடுச்சு. வண்டி ஒரு பக்கமா சாஞ்சு இவரு கதவுக் கம்பியில போய் இடுப்பை அடிச்சுக்கினாரு. பெட்டியெல்லாம் சேத்துல. சாலமன்தான் தோள்ல போட்டுத் தூக்கிக்கினு வந்தாரு.

இப்ப பலகை மேல படுத்திருக்காரு. ஒண்ணுக்குப் போகக்கூட நான் பிடிக்கணும். டாக்டர் ஒன்றரை மாசம் அசையக் கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம் கால் எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாதாம்.

யாரு வாங்கினதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கினாரு. அவ்வளவுதான்.

சரோஜா


பாடி
30-3-1982

அக்கா,

பதினெட்டு அங்குல ஷாக் பதினேழு அங்குலத்தில் எப்படி அறும்? அறவே முடியாது. நான் ஒவ்வொன்றையும் இழுத்து அளந்தேன். ஒன்று, நீ அளந்தது தப்பு. இல்லை, எழுதியது தப்பு. மூன்று எண். மூன்றே மூன்று எண்தான் கேட்டேன். அதை ஒழுங்காக எடுக்க முடியவில்லை என்றால் யாருக்காக நான் வெயிலில் அலைந்தேன்? படிப்பு இல்லாதவர்கள் கையில் டேப்பைக் கொடுத்தது என் தப்பு.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஒட்டகம். முதலிலேயே இறக்கு என்றேன். யாராவது கேட்டீர்களா? மாமாவுக்கு ஊர் எதிரில் உயரமாக உட்கார வேண்டும். இப்போது பலகையில் படுத்திருக்கிறார்.

பிய்ந்த ஷாக்கைச் சாலமனிடம் கொடுத்து அனுப்பு. நான் பார்க்க வேண்டும்.

தனசேகர்


தோணிரேவு
20-4-1982

தனசேகருக்கு,

மூணு வாரமா எழுத உக்காந்து உக்காந்து எழுந்துட்டேன். நேரமும் இல்ல. நீ எழுதினதுல ஒரு வரியை நான் மடிச்சு வெச்சுட்டேன், மறுபடி படிக்கல. எட்டாவதோட நின்னதுக்கு நான் மட்டும் காரணம் இல்லைன்னு உனக்குத் தெரியும். நைனா போனப்புறம் யாராவது ஒருத்தர்தான் படிக்க முடியும்னு ஆச்சு. அதுல எனக்கு இன்னிக்கும் வருத்தம் இல்ல.

அளவு விஷயம். சாலமன் நீ கேட்ட ஷாக்கைக் கையில வெச்சுக்கினு, "எப்படிம்மா அளந்தே, காட்டு"ன்னாரு. காட்டினேன். வளையத்தோட உள்பக்க ஓரத்துலேருந்து அடுத்த வளையத்தோட உள்பக்க ஓரம் வரைக்கும். அவரு தலையில கை வெச்சுக்கினாரு. வளையத்தோட நடுவுலேருந்து நடு வரைக்கும்தான் மெக்கானிக் அளப்பாங்களாமே. ரெண்டு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் நான் விட்டுட்டேன். பதினேழு இல்ல, பதினெட்டரை.

நாங்க வலைக்கண்ணியை அப்படித்தான் அளப்போம். இழுத்துப் பிடிச்சு, முடிச்சை விட்டுட்டு, முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல இருக்கற வெளியை மட்டும். மீன் பூந்து போறது அந்த வெளியிலதானே, முடிச்சை எதுக்கு அளக்கணும்? ஏரியில யாரைக் கேட்டாலும் இப்படித்தான் அளப்பாங்க. நீயும் சின்னதுல என் பக்கத்துல உக்காந்து அளந்தவன்தான். நூல் பிசகக் கூடாதுன்னு எழுதினே. எங்கேருந்து எங்கேன்னு எழுதல. தப்பு எம்மேலதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் அசட்டையா அளக்கல.

இப்ப எழுதக் கூடாதுன்னு வெச்சிருந்ததை எழுதறேன். அவரு அடிப்பாருன்னாலும் சரி. அடிக்க எழுந்துக்கினா எனக்குச் சந்தோஷம்தான்.

நீ ஓசூர்ல டிரெயினிங்ல இருந்த வருஷம், கார்த்திகை மழையில, சாலமன் பொண்டாட்டி மேரிக்கு வலி வந்துச்சு. குறிச்ச நாளுக்கு முன்னாடியே. அந்தாண்டயிலேருந்து இவருதான் ஜீப்புல ஏத்திக்கினு வந்தாரு. அப்ப வண்டி கம்பெனி குடுத்த உசரத்துலதான் இருந்துச்சு. நீ சொல்ற உசரத்துல. நடு ஓடையில எஞ்சினுக்குத் தண்ணி ஏறி நின்னுடுச்சு. அசையல. மேரி சீட்டு மேல, கீழ தண்ணி. ஒரு தோணியைக் கூவிக் கூப்பிட்டு அவளை மாத்தி ஏத்தி ரோட்டுக்குக் கொண்டாற ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரியில மேரியைக் காப்பாத்திட்டாங்க. குழந்தை இல்ல.

சாலமன் இவரை ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் இவரைத் தின்னுது. கேட்டிருந்தா ஆறிப்போயிருக்கும். அந்தத் தையிலதான் லாரிப் பட்டை வாங்கி வண்டியைத் தூக்கினாரு. ஓடையில நின்னு தன் இடுப்புல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கயித்துல முடிச்சுப் போட்டு எடுத்துக்கினு வந்து தூக்கினாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு.

பொங்கலன்னிக்கு நீ ஒட்டகம்னு சொல்லச் சொல்ல எதிர்ல உக்காந்து சாப்பிட்டது சாலமன். அதனாலதான் இவரு எழுந்தாரு.

மேரிக்கு இப்ப ஏழு மாசம் முடியப்போவுது.

சரோஜா


பாடி
24-4-1982

அக்கா,

கடிதம் வந்தது.

வளையத்தின் நடுவிலிருந்து என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்த ஒரு வரியையும் நான் எழுதியிருக்கக் கூடாது.

மே இரண்டாம் தேதி ஞாயிறு முதல் ரயிலுக்கு வருகிறேன். வெல்டிங் ஆள் ஒருத்தரைப் பொன்னேரியில் சொல்லிவை. மாமாவிடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

தனசேகர்


தோணிரேவு
16-6-1982

தம்பிக்கு,

நீ வந்துட்டுப் போனதுலேருந்து எழுதணும்னு இருந்தேன். வீடு விட்டாத்தானே.

உன்னையும் அவரையும் நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது. "டாக்டர் படுக்கத்தானே சொன்னாரு, ஜீப்புக்கு அடியில படுத்தா இன்னா"ன்னு பாயைப் போட்டுக்கினு வந்து உன் பக்கத்துல படுத்தாரே. படுத்தவர் பேசினாரா? "சரோஜா, உன் தம்பிகிட்ட அந்த ஸ்பேனரைக் கேளு." ஸ்பேனர் உன் கையில. நீ மட்டும் இன்னா? "அக்கா, மாமாவைத் தலையை எடுக்கச் சொல்லு." ரெண்டு தலையும் ஒரு சாண் தூரத்துல. நான் வெளிய நின்னுக்கினு அவரு சொன்னதை உங்கிட்டயும் நீ சொன்னதை அவருகிட்டயும் சொன்னேன். மதியம் வரைக்கும். சாப்பாட்டுக்கு வாங்கன்னு மட்டும்தான் நானா சொன்னது.

ஷாக்கை மாத்தாம, அதை மேல மாட்டற பிராக்கெட்டையே ரெண்டு அங்குலம் கீழ இறக்கி வெல்டிங் வெச்சியே, அது நிக்குது. சாலமன் ஒன்றரை மாசமா ஓட்டறாரு. ஒண்ணும் அறல. இறாலுக்குத் தலை கழண்டுபோறதும் குறைஞ்சிருக்கு. அவரும் இப்ப தடியை ஊணிக்கினு நடக்கறாரு. கால்ல உணர்ச்சி பாதி வந்திருக்கு. மீதி வருமோ வராதோ.

போன சனிக்கிழமை நாங்க குப்பத்துக்கு மேரியைப் பார்க்கப் போயிருந்தப்ப அவளுக்கு வலி எடுத்துடுச்சு. சாலமன் பதட்டத்துல கிளட்ச்சைச் சட்டுனு விட்டு ரெண்டு தடவை எஞ்சினை நிறுத்திட்டாரு. இவருக்கு ஓட்டத் தெம்பில்ல. சரி, நான் கூடவாவது வர்றேன்னு பின்னாடி ஏறி மேரி பக்கத்துல உக்காந்துக்கினாரு. வண்டி வாங்கின இத்தனை வருஷத்துல இவரு பின்னாடி உக்காந்தது அதான் முதல் தடவை. நானும் இருந்தேன்.

ஓடையில தண்ணி அவ்வளவு இல்ல. சுலபமா தாண்டிடுச்சு. தாண்டினப்புறம்தான், ரோடு வரைக்கும் இறுகிக் கிடக்கற கெட்டி மண்ணுல, குலுக்கல் ஆரம்பிச்சுது. ஒவ்வொரு குழிக்கும் மேரி கத்தறா. ஷாக் எவ்வளவு பிடிச்சாலும் கீழேருந்து இடிக்குது. மேரி இவரு கையைப் பிடிச்சுக்கினா, நகம் பதிஞ்சு ரத்தம் வந்துச்சு. இவரு கையை எடுக்கல. என்னைப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. "மெதுவா போடா, மெதுவா"ன்னு ரோடு வர்ற வரைக்கும் சொல்லிக்கினே வந்தாரு.

பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் சுகம். சாலமன் ஆஸ்பத்திரி வாசல்ல இவரு தோள்ல சாஞ்சுக்கினு அழுதாரு.

வீட்டுக்கு வந்து இவரு சொன்னதை அப்படியே எழுதறேன். "முன்னாடி உக்காந்து ஓட்டறவனுக்குக் குழி வர்றது தெரியும், உடம்பை இறுக்கிக்கினு வாங்கிக்கலாம். பின்னாடி இருக்கறவங்களுக்கு எதுவும் தெரியாது, வந்து விழும். தண்ணி ஏறக் கூடாதுன்னு ஒண்ணையே பார்த்தேன். வலியோட போறவங்களை இத்தனை நாள் இப்படித்தான் இடிச்சுக்கினு போயிருக்கேன். நாலு அங்குலம் இறக்கிடலாம்னு உன் தம்பிக்கு எழுது. அவன் சொன்னதுதான் சரி." சாவியைச் சாலமன்கிட்ட குடுத்துட்டாரு. இனிமே நான் ஓட்டலன்னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு.

நீ எப்ப வந்து இறக்கறேன்னு எழுது.

சரோஜா


பாடி
20-6-1982

மாமாவுக்கு,

தனசேகர் எழுதுகிறேன். அக்கா படித்துக் காட்டுவாள். குழந்தை பிறந்தது சந்தோஷம். சாலமனிடம் சொல்லுங்கள்.

வண்டியை இறக்க வேண்டாம்.

நான் சொன்னது சரி இல்லை. உயரம் வேறு, விறைப்பு வேறு. நீங்கள் லாரிப் பட்டையை அடுக்கி உயரம் வாங்கினீர்கள். அதோடு விறைப்பும் வந்துவிட்டது. உயரத்துக்கு விறைப்பு தேவையில்லை. ஜீப்பின் மெல்லிய பட்டைகளையே புதுப்பேட்டையில் வாங்கிப் பட்டறையில் கொடுத்து வளைவைக் கூட்டி, இன்னும் இரண்டு மெல்லிய பட்டை சேர்த்தால் கிட்டத்தட்ட அதே எட்டு அங்குலம் நிற்கும். லாரிப் பட்டை முழுக்க வெளியே. பாரம் ஏற்றினால் வண்டி கொஞ்சம் தாழும், தாழட்டும். எட்டுப் பெட்டிக்குப் பதில் ஆறு ஏற்றுங்கள். பாடியில் எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது.

இது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் போட்டாலும் பாதிதான் குறையும் என்று தெரிந்தே எழுதாமல் விட்டேன். பாதி வலி மிச்சம் இருந்தால் நீங்களே வண்டியை இறக்குவீர்கள், நான் ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். நீங்கள் ஏன் தூக்கினீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உங்கள் இடுப்பில் ஒரு பங்கு என்னால் போனது. அளவுத் தப்பால் போனது தனி. அதை அக்கா மேல் போட்டேன், அதுவும் தப்பு. அக்கா, இதையும் நிறுத்தாமல் படி.

ஜூலை நாலாம் தேதி ஞாயிறு பட்டைகளோடு வருகிறேன். ஒர்க்ஷாப் வேன் பழவேற்காடு வரைக்கும் வருகிறது. சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம். மாட்டியதும் சாலமன் ஓட்டட்டும், ஓடையைத் தாண்டி அந்தக் கெட்டி மண்ணில் போய்த் திரும்புவோம். நீங்களும் நானும் பின்னாடி. எந்த இடத்தில் எப்படி இடிக்கிறது என்று நீங்கள் என்னிடமே சொல்லுங்கள், மாமா. எழுதிக்கொள்கிறேன்.

தனசேகர்